கப்பல் டூர் தெரியாத காலத்தில் உலகம் சுற்றிய தமிழன்... யார் இந்த ஏ.கே.செட்டியார்?

நாலு நாள் லீவு கிடைத்தால் கல்வராயன் மலை, மேகம் அருவி, பெரியார் அருவி என்று கிளம்பிவிடுகிறோம். காட்டுப் பாதையில் வழிகாட்டியோடு நடக்க 2024-ல் தமிழ்நாடு அரசே ட்ரெக்கிங் திட்டம் கொண்டு வந்துவிட்டது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் இருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலாவும் தொடங்கியது. ஊர் பார்ப்பதற்காகவே பயணம் போவது இப்போது சாதாரண விஷயம்.

ஆனால் 90 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை அப்படி இல்லை. அந்தக் காலத்தில் கப்பலேறி, பார்த்ததை எல்லாம் தமிழில் எழுதி வைத்தவர் ஏ.கே.செட்டியார். தமிழ்ப் பயண இலக்கியத்தின் முன்னோடி என்று கொண்டாடப்படுகிறவர். யார் இவர்? அப்படி என்னதான் செய்தார்?

திருவண்ணாமலையில் படித்த கோட்டையூர்க்காரர்

முழுப்பெயர் அண்ணாமலை கருப்பன் செட்டியார். 1911 நவம்பர் 4-ம் தேதி, இன்றைய சிவகங்கை மாவட்டம் கோட்டையூரில், நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு திருவண்ணாமலையில்.

தென்பெண்ணைக் கரையில் இருக்கும் மூங்கில்துறைப்பட்டுக்காரர்களுக்கு திருவண்ணாமலை ஒன்றும் தூரம் இல்லை. தெற்கே போனால் சங்கராபுரம், கள்ளக்குறிச்சி. வடக்கே போனால் திருவண்ணாமலை. பின்னாளில் உலகம் சுற்றியவர், பையனாக இருந்தபோது பள்ளிக்கூடம் போனது இந்தப் பக்கத்து ஊரில்தான்.

அன்று தமிழர்கள் எதற்குக் கப்பலேறினார்கள்?

பெரும்பாலும் பிழைப்புக்குத்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் கூலி வேலைக்குப் போனவர்கள் ஏராளம். நகரத்தார்கள் லேவாதேவித் தொழிலுக்காக பர்மா போனார்கள். திரும்பி வருவோமா என்பதே தெரியாமல் போனவர்களும் உண்டு.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறு கதை. 1891 ஜனவரியில் ஜெர்மனியில் இருந்து 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பல் 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. வேலைக்கோ வியாபாரத்துக்கோ இல்லை. சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வர. இன்றைய கப்பல் சுற்றுலாவின் தொடக்கங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

செட்டியார் இந்த இரண்டு ரகத்திலும் சேராதவர். ரங்கூனுக்குப் போனார், ஆனால் வட்டிக்கடை நடத்த இல்லை. 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக. பிறகு ஜப்பானுக்குப் போய் புகைப்படக் கலை படித்தார். அங்கிருந்து திரும்பியதும் சும்மா இருக்கவில்லை, ஜப்பானைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். அடுத்து அமெரிக்கா. நியூயார்க்கிலும் படித்தது புகைப்படக் கலைதான்.

நடுக்கடலில் வந்த யோசனை

1937 அக்டோபர் 2. நியூயார்க்கில் இருந்து அயர்லாந்தின் டப்ளினுக்குப் போகும் 'சமாரியா' கப்பலில் செட்டியார் இருந்தார். அன்று காந்தி பிறந்தநாள். காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தால் என்ன என்ற எண்ணம் அந்தக் கப்பலில்தான் பிறந்தது. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிரம்பவில்லை.

யோசனை வந்துவிட்டது. படம்? காந்தியை அதற்கு முன்பே உலகம் முழுக்கப் பலர் படம் பிடித்திருந்தார்கள். சுமார் 30 ஆண்டுகளில் 100 பேர் எடுத்த துண்டுத் துண்டுக் காட்சிகள் நாடு நாடாகச் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அலைந்தார். தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா என்று சுற்றிய தூரம் சுமார் ஒரு லட்சம் மைல். சேர்ந்தது 50,000 அடி பிலிம். அதில் இருந்து 12,000 அடியைத் தொகுத்து, 1940 ஆகஸ்ட் 23-ம் தேதி தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார். ஆள்வது வெள்ளைக்காரன், நடப்பது உலகப் போர். அந்த நேரத்தில் காந்தி படம் என்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பார்த்தது தனக்கு மட்டும் இல்லை

அதே 1940-ல் 'உலகம் சுற்றும் தமிழன்' புத்தகமும் வந்தது. அந்தப் பெயரே பின்னர் அவருக்கு அடையாளமாக ஒட்டிக்கொண்டது. ஊரை விட்டு வெளியே போகாதவர்களும் புரிந்துகொள்ளும்படி, சின்னச் சின்ன வாக்கியங்களில், லேசான நகைச்சுவையோடு எழுதுவது அவர் பாணி.

1943-ல் 'குமரி மலர்' மாத இதழைத் தொடங்கி, கடைசிவரை நடத்தினார். பழைய கட்டுரைகளையும் ஆவணங்களையும் தேடித்தேடி அதில் அச்சிட்டார்.

வெளிநாடு போனால்தான் பயணமா? அப்படியும் அவர் நினைக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் குடகு மலைநாட்டைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். தமிழ்நாட்டு ஊர்களுக்குப் போய்வந்த பலர் பல காலங்களில் எழுதிய நூறுக்கும் மேற்பட்ட பயணக் கட்டுரைகளைத் திரட்டி, 1968-ல் 'தமிழ்நாடு' என்ற பெயரில் தொகுத்தார். பழைய பத்திரிகைகளோடு மக்கிப் போயிருக்க வேண்டியவை அவை.

படம் என்ன ஆனது?

இங்கேதான் வருத்தமான விஷயம். 1940-ல் வெளியான அந்தப் படம் காணாமல் போனது. 1953-ல் அமெரிக்காவில் சுருக்கித் தயாரிக்கப்பட்ட ஆங்கில வடிவத்தை மட்டும், பல ஆண்டுகள் கழித்து வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி சான்பிரான்சிஸ்கோவில் உள்ள பல்கலைக்கழகத்தில் கண்டெடுத்தார். ஒரு லட்சம் மைல் சுற்றித் தொகுத்த அந்த முதல் வடிவம் கைக்கு வரவில்லை.

1983 செப்டம்பர் 10-ம் தேதி செட்டியார் காலமானார்.

அடுத்தவர்கள் எடுத்த படங்களையும், அடுத்தவர்கள் எழுதிய பயணங்களையும் தொலையாமல் காப்பாற்ற அலைந்தவர் அவர். அவருடைய படத்தைத்தான் யாரும் பத்திரப்படுத்தவில்லை. ஆனால் புத்தகங்கள் இருக்கின்றன. அடுத்த முறை மலையேறவோ கப்பலேறவோ மூட்டை கட்டும்போது, அதில் ஒன்றையும் கையோடு எடுத்துப் போகலாம்.