வாளெடுக்காமல் ஊரைக் காத்த பிரபு மகள்

ஊரைக் காத்த அரசகுலப் பெண் என்றால் எங்கட கண்ணுக்குள்ள ஒரு சினிமாக் காட்சிதான் வரும். குதிரை, வாள், கோட்டை வாசலில் எதிரிப்படை. வேலு நாச்சியாரை அப்படித்தான் மனசில வச்சிருக்கிறம். ஆனால் நான் வாழுகிற பலெர்மோ நகரம் தன் காவலாகக் கொண்டாடுகிற பெண்ணிட்ட வாளும் இல்லை, படையும் இல்லை. அவ இந்த ஊரைக் காத்ததாகச் சொல்லப்படுகிறது, இறந்து 450 வருசத்துக்கும் பிறகு.

ரோசாலியா 1130ஆம் ஆண்டளவில், நோர்மன் அரசன் இரண்டாம் ரொஜர் சிசிலியை ஆண்ட காலத்தில் பிறந்தா என்பது மரபு. தகப்பன் சினிபால்தோ, குயிஸ்குயினா பகுதியின் பிரபு. மகளுக்கு ஒரு பெரிய இடத்துச் சம்பந்தம் பேசினார்கள். ரோசாலியா மாட்டேன் என்று சொல்லிப்போட்டு, மாளிகையை விட்டு வெளிக்கிட்டா. முதலில் குயிஸ்குயினாவில் ஒரு குகை, பிறகு பலெர்மோவுக்கு மேலே நிற்கிற பெல்லெக்ரினோ மலையில் இன்னொரு குகை. அங்கேயே தனிமையில், 1160களில் உயிர் பிரிந்தது என்பார்கள். காலப்போக்கில் ஊர் அவவைப் பெரும்பாலும் மறந்துபோச்சு. அப்போது நகரத்துக்குக் காவலாக வேறு நாலு புனிதைகள் இருந்தார்கள்.

1624 மே மாதம் துனிசில் இருந்து ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. அதோடு கொள்ளைநோயும் வந்தது. பிணங்கள் குவிந்தன. ஸ்பானிய அரசனுக்காகச் சிசிலியை ஆண்ட பிரதிநிதி எமானுவேலே பிலிபெர்த்தோவே ஓகஸ்ட்டில் செத்துப்போனார். அதற்குச் சற்று முன், யூலை 15இல், மலைக் குகையில் எலும்புகள் கிடைத்தன. அவை ரோசாலியாவினுடையவை என்று பேராயர் ஜன்னெத்தீனோ தோரியா அடுத்த வருசம் ஏற்றுக்கொண்டார். 1625 யூனில் அவற்றை நகரமெங்கும் பவனியாகக் கொண்டுபோனார்கள். நோய் தணிந்தது. நம்புகிறவர்களுக்கு அது அற்புதம். பின்னாளில் பக்லண்ட் என்ற ஆங்கிலேய அறிஞர், அவை ஆட்டின் எலும்புகள் என்று சொல்லிப் பார்த்தார். பலெர்மோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் யூலை 14 இரவு நகரமே தெருவில் தேரோடு நிற்கும்.

போர்கோ வெக்கியோவில் இருந்து அந்த மலை தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கட சனம் மலையேறிப் போகும். வேதக்காரரும் போவார்கள், சைவக்காரரும் போவார்கள். போரில் ஊரை இழந்து வந்தவர்களுக்கு, வந்த ஊரில் கும்பிட ஒரு மலையும் குகையும் ஒரு அம்மாவும் கிடைத்தது சின்ன விசயமில்லை. விசாவுக்கும், வேலைக்கும், பிள்ளைப்பேற்றுக்கும் அங்கே நேர்த்தி வைக்கிறோம்.

ஆனால் ஒன்றை யோசியுங்கோ. நாங்கள் மெழுகுதிரி கொளுத்துகிற அந்தப் பிள்ளை, தாய் தகப்பன் பேசின கலியாணத்தை வேண்டாமென்று சொன்னவ. சினிபால்தோவின் சொந்தக்காரர் அன்றைக்கு என்ன கதைத்திருப்பினம் என்று எங்களுக்கு நல்லாய்த் தெரியும். குடும்ப மானம் போச்சு, ஊர் என்ன சொல்லும் என்றுதான். அந்த ஊர்தான் பிறகு அவவின் காலில் விழுந்தது.

இங்கே பிறந்த எங்கட பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கதை பள்ளிக்கூடத்திலேயே தெரியும். எங்களோடு மலையும் ஏறுகிறார்கள். அவர்களில் ஒருத்தி நாளைக்கு, நீங்கள் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம், நான் படிக்கப்போறன், தனியாக இருக்கப்போறன் என்று சொன்னால், நாங்கள் சினிபால்தோ மாதிரி நிற்கப்போகிறோமா? அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருந்தால்தான் அந்தக் குகையில் கைகூப்புவதற்கு அர்த்தம் இருக்கும்.