இஸ்தான்புல்லிலேயே இருந்துவிட்ட ஊட் கலைஞர்

துருக்கியில் தன் இனமே துரத்தியடிக்கப்பட்ட ஓர் ஆர்மேனியர், ஏன் வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் துருக்கி மொழியிலேயே பாடினார் என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். ஊடி ஹ்ராண்டின் பழைய ஒலிப்பதிவு ஒன்றை அவருக்கு அனுப்பியிருந்தேன். கேள்வியில் கொஞ்சம் கோபமும் இருந்தது. ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த மனிதரின் வாழ்க்கையைச் சொன்னால்தான் பதிலுக்குக் கிட்டவாவது போகலாம்.

ஹ்ராண்ட் கென்குலியன் 1901 இல், இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே உள்ள அடாபசாரி என்ற ஊரில் பிறந்தார். பிறந்து சில நாட்களிலேயே குழந்தைக்குப் பார்வை இல்லை என்பது தெரிந்துவிட்டது. அன்று அடாபசாரியில் ஆர்மேனியர் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள், கடைத்தெரு என்று எல்லாம் அவர்களுக்கு இருந்தன.

1915 இல் அது முடிந்தது. முதலாம் உலகப் போரின் நடுவே ஒட்டோமன் அரசு ஆர்மேனியர்களை ஊர் ஊராகக் கிளப்பி, சிரியப் பாலைவனத்தை நோக்கி அனுப்பியது. வழியில் கொல்லப்பட்டும், பசியாலும் நோயாலும் மாண்டும் போனவர்கள் ஆறு இலட்சத்திலிருந்து பதினைந்து இலட்சம் வரை என்று வெவ்வேறு கணக்குகள் உள்ளன. நடந்தது இனப்படுகொலை என்பதைத் துருக்கிய அரசு இன்றுவரை ஏற்கவில்லை. இடம்பெயர்வு என்றால் என்னவென்று இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் கண் தெரியாத பதினான்கு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் வீட்டை விட்டு இறங்குவதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் போகிறோம் என்பதைக்கூட அந்தப் பிள்ளை மற்றவர்களின் குரலில் இருந்துதான் அறிந்திருக்கும்.

குடும்பம் கொன்யா நகரைச் சென்றடைந்தது. பாலைவனத்துக்குப் போகும் ரயில் பாதையில் இருந்த ஊர் அது. அங்கே ஆளுநராக இருந்த ஜெலால் பே, மேலிடத்து உத்தரவுகளை இயன்றவரை தாமதப்படுத்தி, ஆயிரக்கணக்கானவர்களை மேலே அனுப்பாமல் வைத்திருந்தார். அதற்காக அவரைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். இப்படியான ஒரு நகரத்தில்தான், தஞ்சமடைந்திருந்த நாட்களில், ஹ்ராண்ட் ஊட் பழகத் தொடங்கினார்.

ஊட் என்பது பேரிக்காயைப் பாதியாக வெட்டியதுபோன்ற வயிறும் குட்டையான கழுத்தும் கொண்ட நரம்பு வாத்தியம். பொதுவாகப் பதினொரு நரம்புகள். வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் இதில் இல்லை. விரல் எங்கே விழவேண்டும் என்பதைக் காதுதான் சொல்லவேண்டும். அதை வாசிப்பவரை ஊடி என்பார்கள். அதுவே பின்னர் அவர் பெயரின் முன்பகுதியாகிவிட்டது.

1918 இல் போர் முடிந்ததும் குடும்பம் அடாபசாரிக்குத் திரும்பியது. பிறகு இஸ்தான்புல்லுக்குப் போனார்கள். அங்கே ஆர்மேனிய ஆசிரியர்களிடம் ஹ்ராண்ட் முறையாகப் பயின்றார். வறுமைதான். கோப்பிக் கடைகளில் வாசித்தார், பாடம் சொல்லிக்கொடுத்தார், வாத்தியங்களுக்குச் சுருதி சேர்த்துக் கொடுத்தார். 1920களில் கிராமபோன் இசைத்தட்டுகளில் அவருடைய வாசிப்பு வரத் தொடங்கியது. விரும்பிய பெண்ணின் வீட்டார் சம்மதிக்கவில்லை. பல வருடங்கள் காத்திருந்து, 1937 இல்தான் அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். துருக்கியச் செவ்வியல் இசை என்று இன்று அழைக்கப்படுவது துருக்கியர் மட்டும் உண்டாக்கிய ஒன்றல்ல. அந்த இசையை எழுதிவைக்க 19ஆம் நூற்றாண்டில் பரவலாகப் பயன்பட்ட குறியீட்டு முறையை வகுத்தவர் ஹம்பார்சும் லிமொன்ஜியன் என்ற ஆர்மேனியர். ஹ்ராண்டின் சிறுவயதில் இஸ்தான்புல் முழுவதும் வாசிக்கப்பட்ட தாத்தியோஸ் எஃபெண்டி ஓர் ஆர்மேனியர். ஊட் செய்வதில் பெயர்பெற்ற மனோல் ஒரு கிரேக்கர். யூதர்களும் அதில் இருந்தார்கள். ஆகவே ஹ்ராண்ட் பாடியது பிறத்தியாருடைய இசை அல்ல. தன் முன்னோரும் சேர்ந்து கட்டிய வீட்டில்தான் அவர் இருந்தார். அந்த வீட்டிலிருந்து ஆட்களை வெளியேற்றியவர்களுக்கு அது தனிச்சொத்தாகிவிடுமா? ஆகாது என்பதுதான் என் எண்ணம்.

இதே காலத்தில் வாழ்ந்த இன்னொருவரையும் நினைக்கிறேன். ஆர்மேனியக் கிராமியப் பாடல்களைச் சேகரித்த கொமித்தாஸ் என்ற துறவியை 1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் கைதுசெய்தார்கள். உயிரோடு திரும்பி வந்தார், ஆனால் மனம் உடைந்துபோயிருந்தது. மீதிக் காலத்தை மருத்துவமனைகளில் கழித்து 1935 இல் பரிஸில் இறந்தார். ஒருவர் மௌனமானார், மற்றவர் பாடினார். இருவரில் யார் சரி என்று கேட்பதற்கு யாருக்கும் உரிமையில்லை.

பாடுவதும் இலகுவாக இருக்கவில்லை. 1928 முதல் பொது இடங்களில் துருக்கி மொழிதான் பேசவேண்டும் என்று சிறுபான்மையினரை நெருக்கும் இயக்கம் நடந்தது. 1934 இல் குடும்பப்பெயர்ச் சட்டம் வந்தது. ஹ்ராண்டுக்கு எம்ரே என்ற துருக்கியப் பெயரும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு ஒட்டோமன் பாணி இசை பழமைவாதம் என்று சொல்லப்பட்டு, வானொலியில் ஏறத்தாழ இருபது மாதங்கள் நிறுத்தப்பட்டது. அவருடைய இனமும் அவருடைய இசையும் ஒரே அரசுக்கு வெவ்வேறு காரணங்களால் வேண்டாதவையாகின. 1942 இல் முஸ்லிம் அல்லாதவர்களைக் குறிவைத்துச் சொத்துவரி, 1955 செப்டெம்பரில் கிரேக்கரின் கடைகளையும் வீடுகளையும் உடைத்து ஆர்மேனியரையும் யூதரையும்கூடத் தாக்கிய கலவரம். எத்தனையோ பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். ஹ்ராண்ட் போகவில்லை.

அவருக்குப் பெரும்புகழ் தந்த பாடல் ‘ஹஸ்தாயிம் யாஷியோரும்’. நோயாளியாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன் என்பது அந்தத் தலைப்பின் பொருள். அது காதல் பாட்டுத்தான். ஆனாலும் அதை வெறும் காதல் பாட்டாகக் கேட்க என்னால் முடிவதில்லை. ஆர்மேனிய மொழியிலும் அவர் பாட்டுகள் அமைத்துப் பாடினார், எண்ணிக்கையில் அவை குறைவு.

என்னைக் கேட்டால், பாடல்களைவிட அவருடைய தக்சிம்தான் உயர்ந்தது. தக்சிம் என்பது நம்முடைய ஆலாபனைபோல, தாளமில்லாமல், முன்கூட்டியே எழுதிவைக்காமல், ஒரு மகாமை, அதாவது அவர்களுடைய இராகத்தை, விரித்துச் செல்வது. அதற்குமுன் பெரும்பாலும் மேலிருந்து கீழாக மட்டுமே நரம்பை மீட்டினார்கள். ஹ்ராண்ட் இரு திசையிலும் மீட்டினார். நரம்பை அழுத்தும் இடது கையாலேயே சுண்டியும் ஒலி எழுப்பினார். இரண்டு நரம்புகளை ஒரே நேரத்தில் பேசவைத்தார், சுருதி கூட்டும் முறையையும் மாற்றிப் பார்த்தார். இவ்வளவு வித்தை இருந்தும் வேகம் காட்டுவதில் அவருக்கு ஆசையில்லை. ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அது முழுதாக அடங்கும்வரை பொறுத்திருப்பார்.

1950 இல் கண் சிகிச்சைக்காக அமெரிக்கா போனார். பார்வை கிடைக்கவில்லை. ஆனால் அங்கே அவருக்காக ஒரு சனம் காத்திருந்தது. நியூயோர்க், பொஸ்டன், டெட்ரொயிட், ஃபிரெஸ்னோ என்று எங்கெல்லாம் ஆர்மேனியர் குடியேறியிருந்தார்களோ அங்கெல்லாம் கச்சேரி செய்தார். புலம்பெயர்ந்த முதியவர்கள் பலருக்கு வீட்டில் பேசிய மொழியே துருக்கிதான். அனத்தோலியாவின் பல ஊர்களில் ஆர்மேனியர் அப்படித்தான் வாழ்ந்தார்கள். பெற்றோரைக் கொன்றவர்களின் மொழியும் தாய் தாலாட்டிய மொழியும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தன. துருக்கிப் பாட்டு வேண்டுமா வேண்டாமா என்ற வாக்குவாதம் அந்தச் சமூகத்தில் இருந்ததுதான். இருந்தும் அவருடைய கச்சேரிக்கு மண்டபங்கள் நிறைந்தன. பிறகும் வெளிநாடுகளுக்குப் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் இஸ்தான்புல்லுக்கே திரும்பினார். அங்கேயே 1978 ஓகஸ்ட் 29 அன்று காலமானார்.

அமெரிக்காவில் ஃபிரெஸ்னோவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹகோபியன் என்ற இளைஞருக்கு ஊடி என்ற பட்டத்தை ஹ்ராண்டே வழங்கினார். அந்த ரிச்சர்டின் மகன்தான் 1990களில் ஹ்ராண்டின் பழைய ஒலிப்பதிவுகளைத் துப்புரவாக்கி நியூயோர்க்கிலிருந்து இறுவட்டுகளாக வெளியிட்டார். இன்று இணையத்திலும் அவை கிடைக்கின்றன. கேட்க விரும்புகிறவர்கள் தக்சிமிலிருந்து தொடங்கலாம். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் ஓடும், இரைச்சலும் இருக்கும். ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்துக் கேளுங்கள்.