படுக்கையும் பணியும்

அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், ஜப்பானில் தொடங்கிய சமயப்பணியை நோயினால் கைவிட நேர்ந்தது. 1895-இல் இந்தியா வந்து, நெல்லைச் சீமையிலுள்ள டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளைத் தாயெனக் காத்தார்.

1931 அக்டோபரில் களக்காட்டில் இருளில் குழியொன்றில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறையே அவருக்கு உலகமாயிற்று. ஓடியாடி உழைத்தவர்க்கு இஃது எளிதன்று! நலம்பெற வேண்டினார், பெறவில்லை. நலமுடையோர் எழுதும் ஆறுதல் நூல்கள் வலியுற்றோர் நெஞ்சைத் தொடுவதில்லை என்பதைப் படுக்கையில் உணர்ந்தார். ஆதலின் தம் வலுவின்மையை மறைக்காது, இறைவன் தந்த பணியாகவே ஏற்று, நோயாளர்க்கு நோயாளராகவே கடிதங்கள் எழுதினார். அவை 1933-இல் நூலாயின.

1951-இல் மறைந்த அவர்தம் கல்லறையில், அவர் விரும்பியவாறே, நினைவுக்கல் இல்லை. பறவைகள் நீர் பருகும் தொட்டியே உள்ளது.