மேரி லயன்: தன்னைச் சார்ந்து நில்லாத கல்விக்கூடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்களுக்குக் கல்லூரிகள் பல இருந்தன. பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை. மேலும் கற்க விரும்பிய பெண்கள் ‘செமினரி’ எனப்பட்ட மகளிர் கல்விக்கூடங்களையே நாட வேண்டியிருந்தது. அவற்றுள் பலவும் ஓர் ஆசிரியரின் தனி முயற்சியால் நடந்தவை. அவர் நோயுற்றாலோ மறைந்தாலோ பள்ளியும் மறைந்துவிடும். கட்டணமோ எளியோருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இவ்விரு குறைகளையும் நீக்கத் தம் வாழ்வையே அர்ப்பணித்தவர் மேரி லயன்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பக்லாண்ட் என்னும் சிற்றூரின் உழவர் குடும்பத்தில் 1797 பிப்ரவரி 28 அன்று அவர் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். பின்னர் தாய் மறுமணம் செய்துகொண்டு வேறூர் சென்றபோது, பதின்மூன்று வயதுச் சிறுமியான மேரி, தமையனின் இல்லத்தைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். அதற்குத் தமையன் வாரந்தோறும் ஒரு டாலர் அளித்தார். 1814-இல் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியையானபோது கிடைத்த ஊதியம் வாரத்திற்கு 75 சென்ட்.

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, கற்பிப்பதும் கற்பதுமாக அவருடைய இளமை கழிந்தது. 1821-இல் பைஃபீல்டில் ஜோசப் எமர்சன் நடத்திய செமினரியில் சேர்ந்தார். பெண்களின் அறிவாற்றல் ஆண்களுடையதற்குக் குறைந்ததன்று என நம்பிய ஆசிரியர் அவர். அங்கு சில்பா கிராண்ட் என்ற ஆசிரியையின் நட்பும் வாய்த்தது. இருவரும் முதலில் நியூ ஹாம்ப்ஷயரிலும், 1828 முதல் இப்ஸ்விச் மகளிர் செமினரியிலும் இணைந்து பணியாற்றினர்.

இப்ஸ்விச் புகழ்பெற்று விளங்கியது. ஆயினும் அதற்கு நிலையான நிதியைத் திரட்ட இருவரும் செய்த முயற்சி பலிக்கவில்லை. ஆண்கள் கல்லூரிகளுக்கு வாரி வழங்கிய சமூகம் பெண்கல்விக்குக் கைகொடுக்கவில்லை. 1834-இல் மேரி லயன் அப்பதவியைத் துறந்தார். பொதுமக்களின் கொடையால் எழுந்து, அறங்காவலர் குழுவால் நடத்தப்படும் ஒரு நிறுவனத்தை உருவாக்கப் புறப்பட்டார்.

பச்சை வெல்வெட் பை ஒன்றுடன் அவர் ஊர் ஊராகச் சென்று நிதி கேட்டார். பெண் தனித்துப் பயணம் செய்து பொருள் கேட்பது முறையன்று எனப் பலர் குறைகூறினர். அதனால் அவர் தளரவில்லை. இப்ஸ்விச்சில் ஆசிரியைகளும் மாணவியரும் ஊர்ப் பெண்களும் முதல் ஆயிரம் டாலரைச் சேர்த்தளித்தனர். ஆறு சென்ட் கொடுத்த எளியோரின் கொடைகளும் கணக்கில் இடம்பெற்றன.

1837 நவம்பர் 8 அன்று சவுத் ஹாட்லியில் மவுண்ட் ஹோலியோக் மகளிர் செமினரி ஏறத்தாழ 80 மாணவியருடன் திறக்கப்பட்டது. உணவு, உறைவிடம், கல்வி அனைத்திற்கும் ஆண்டுக் கட்டணம் 60 டாலரே. சமைத்தல், துவைத்தல், துப்புரவு ஆகியவற்றை மாணவியரே பகிர்ந்து செய்ததால் செலவு குறைந்தது. செல்வர் மகளும் ஏழையின் மகளும் ஒரே வேலையைச் செய்தனர். அதேவேளையில் பாடத்திட்டத்தில் எளிமைக்கு இடமில்லை. கணிதமும் அறிவியலும் கண்டிப்பாகக் கற்பிக்கப்பட்டன. வேதியியலை மேரி லயனே சோதனைகளுடன் போதித்தார். முதல்வரான அவர் பெற்ற ஆண்டு ஊதியம் 200 டாலர் மட்டுமே.

1849-இன் தொடக்கத்தில் மாணவி ஒருத்தி கொடிய தொற்றுநோய்க்கு ஆளானாள். அவளுக்கு அருகிருந்து பணிவிடை செய்த மேரி லயனையும் அந்நோய் பற்றியது. மார்ச் 5 அன்று, 52-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

தலைமையை இழந்த செமினரிகள் பல மறைந்துபோயின. மவுண்ட் ஹோலியோக்கோ தொடர்ந்து நடந்தது. அங்குப் பயின்ற இருவர் 1874-இல் தென்னாப்பிரிக்காவின் வெலிங்டனில் அதே முறையில் ஒரு செமினரியைத் தொடங்கினர். 1893-இல் மவுண்ட் ஹோலியோக் முழுமையான கல்லூரியாயிற்று. தாம் இல்லாதபோதும் பணி தொடர வேண்டும் என்று எண்ணிச் செயலாற்றுவோர் சிலரே. மேரி லயன் அச்சிலருள் ஒருவர்; அவருடைய மறைவே அந்த எண்ணத்திற்கு வந்த முதற்சோதனை. அதில் அவருடைய கல்விக்கூடம் தேறியது.