தாயையும் பிள்ளையையும் காத்த டாக்டர் ஜேம்ஸ் பேரி

நம்ம கூட்டமைப்பு மலருக்கு, மறைந்த பெரியவர் ஒருவரின் வரலாறு எழுதித் தரச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

என் ரெண்டு பிள்ளைகளும் ஆபரேசன்ல பிறந்தவங்க. வலி தெரியாம பெத்தவள்னு என்னை எத்தனையோ பேர் சொல்லிட்டாங்க. பொண்ணோட நூலகத்துக்குப் போனப்பதான் டாக்டர் ஜேம்ஸ் பேரியைப் பற்றிப் படித்தேன்.

அயர்லாந்து நாட்டில் கார்க் என்ற ஊரில் மார்கரெட் என்ற பெண்பிள்ளை பிறந்தது. அப்பா கடனில் மூழ்கிப்போனார். லண்டனில் ஓவியராக இருந்த தாய்மாமன் 1806-ல் இறந்தார். அவர் விட்டுப்போன காசும், அவருடைய நண்பர்கள் செய்த உதவியும் படிப்புக்கு வழிகாட்டின. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்கு டாக்டர் படிப்பு கிடையாது. அதனால் 1809-ல் ஆண் உடை போட்டு, தாய்மாமன் பெயரான ஜேம்ஸ் பேரியையே வைத்துக்கொண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1812-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். மறுவருசம் பட்டாளத்து டாக்டர் ஆனார்.

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். நல்ல தண்ணி, சுத்தம், நல்ல சாப்பாடு வேண்டும் என்று அதிகாரிகளோடு சண்டையே போடுவார். சிறைக்கைதிகள், தொழுநோயாளிகளுக்காகவும் பேசினார். கோபக்காரர் என்று பெயர்.

1826-ல் முனிக் என்பவரின் மனைவிக்குப் பிரசவம் ஆகாமல் உயிருக்கு ஆபத்தானது. வயிற்றைக் கிழித்தால் தாய் பிழைப்பது அபூர்வம். அதற்கும் ரொம்ப முன்னால், ரோமாபுரியில் தாய் இறந்த பிறகுதான் கிழித்துப் பிள்ளையை எடுப்பார்களாம். பேரி துணிந்து ஆபரேசன் செய்தார். மயக்க மருந்து வந்ததே 20 வருசம் கழித்து, 1846-ல்தான். அந்த அம்மா எல்லா வலியையும் நினைவோடு தாங்கினாங்க. தாயும் பிழைச்சாங்க, பிள்ளையும் பிழைச்சுது. பிள்ளைக்கு ஜேம்ஸ் பேரி என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வழிவழியாகப் போய், பின்னாளில் தென்னாப்பிரிக்கப் பிரதமரான ஹெர்ட்சாக் என்பவருக்கும் வைக்கப்பட்டது.

பேரி பல நாடுகளில் வேலை பார்த்து, கனடாவில் ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கே தலைமை அதிகாரியாக உயர்ந்தார். 1865 ஜூலை 25-ல் லண்டனில் இறந்தார். உடம்பைக் கழுவிய பெண்தான் அது பெண் உடம்பு என்று வெளியே சொன்னாள். ஐம்பது வருசத்துக்கு மேல் ஆணாகவே வாழ்ந்தவர் மனசில் என்ன இருந்ததோ, அவருக்குத்தான் தெரியும். அவர் செய்த வைத்தியம் மட்டும் பொய்யில்லை.

படிச்சு முடிச்சதும் முனிக் வீட்டு அம்மாதான் என் கண்ணிலேயே நின்னாங்க. அவங்களை யாராவது வலி தெரியாம பெத்தவள்னு சொல்ல முடியுமா? எனக்கு மரத்துப்போக ஊசி போட்டாங்க, நிஜம்தான். ஊசி வேகம் இறங்கினப்புறம், தையல் போட்ட வயித்தோட எழுந்து உட்கார்ந்து பால் கொடுத்தவளுக்குத்தான் அந்த வலி தெரியும்.

சகோதரிகளே, நம்ம குழுவில் யாருக்காவது ஆபரேசன்னா, ஐயோ சுகப்பிரசவம் இல்லையான்னு கேட்காதீங்க. தாயும் பிள்ளையும் உசுரோட வீடு வந்தா அதுவே சுகம். அவளைத் தண்ணிக்குடம் தூக்க விடாதீங்க. கூட்டத்துக்கு வரலைன்னு அபராதம் போடாம, சேமிப்புப் பணத்தை வீட்டுக்கே போய் வாங்கிக்குவோம்.