சின்னண்ணன்

பசித்தவனுக்குச் சோறிடுவது நற்செயல்தான். ஆனால் இட்டவன் திண்ணையிலும் உண்டவன் தெருவிலும் இருக்கும் வரையில் அது பிச்சையேயன்றி அன்பாகாது. கிறிஸ்தவ வாழ்வில் அன்பு பெறும் இடம் எத்தகையதென்று அறிய விரும்புவோர் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே திருப்பத்தூரில் நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த ஒரு வெள்ளைக்கார வைத்தியரின் சரித்திரத்தை அறிந்தாலே போதும். அவர் பெயர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். அவரை அறிந்தோர் அவரைத் துரை என்று அழைக்கவில்லை. சின்னண்ணன் என்றே அழைத்தனர். அப்பெயரிலேயே அவருடைய வாழ்க்கையின் பொருள் அடங்கியிருக்கிறதென்பது நமது கருத்து.

பேட்டன் 1891-ம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து ஆலோவா நகரில் பிறந்தார். கம்பளி நூல் ஆலைகளால் பெருஞ்செல்வம் திரட்டிய குடும்பம் அவருடையது. ஆலையின் லாபத்தில் சுகமாகக் காலங்கழிக்க அவருக்குத் தடையொன்றுமில்லை. எனினும் அவர் வைத்தியம் பயின்றார். அதை அயல்நாட்டு ஏழைகளுக்குப் பயன்படுத்த விரும்பினார். 1915-ம் ஆண்டில் லண்டனில் அவருக்கு ஒரு தமிழ் வைத்தியரின் நட்பு கிடைத்தது. அவரே சவரிராயன் ஜேசுதாசன், 1882-ல் பிறந்தவர், பேட்டனைவிட ஒன்பது வயது மூத்தவர். அந்த நட்பு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முறியாமல் நின்றது.

இந்தியா வந்த பின்னர் இருவரும் சிறிது காலம் சீமை மிஷனின் கீழ் ஊழியம் செய்தனர். வெள்ளையர் மேலும் இந்தியர் கீழுமாக அமைந்த அந்த ஏற்பாட்டில் சகோதரத்துவம் வளர இடமேது? ஆகவே, ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியிருந்த 1921-ம் ஆண்டில், இருவரும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்தனர். ஜேசுதாசன் பெரியண்ணனானார், பேட்டன் சின்னண்ணனானார். கீழ்த்தர உத்தியோகத்திலிருந்த வெள்ளையனும் இந்தியரின் சலாமை எதிர்பார்த்த காலம் அது. அக்காலத்தில் செல்வமும் ஆளும் இனத்தின் செல்வாக்கும் படைத்த ஒருவர், ஒரு தமிழருக்குத் தம்பியாக வாழ மனமுவந்து இசைந்தார். அவர் செய்த முதல் தருமம் இதுவே என்போம்.

இருவரும் மணம் புரியவில்லை. எளிய உணவுண்டு, கதர் அணிந்து, ஆசிரமத்தாரோடு ஒன்றாக வாழ்ந்தனர். சுற்றுப்புறக் கிராம ஜனங்களுக்கு வைத்தியம் செய்வதே ஆசிரமத்தின் முக்கியத் தொண்டாயிருந்தது. ஆசிரமத்துக் கோயிலும் சீமை மாதா கோயில்களின் சாயலில் எழாமல், கோபுரத்துடன் திராவிடச் சிற்ப முறையில் எழுந்தது. கிறிஸ்தவனாக வாழ்வதற்கு இந்தியன் தன் நாட்டை மறக்க வேண்டியதில்லை என்பதற்கு அக்கட்டடமே சாட்சி.

கதர் அணிந்ததற்குரிய விலையையும் பேட்டன் கொடுத்தார். 1932-ல் சட்ட மறுப்பு இயக்கம் நடந்துகொண்டிருந்தபோது சென்னையில் அன்னியத் துணிக் கடைகளின் முன் மறியல் நிகழ்ந்தது. அவ்விடத்திலிருந்த பேட்டனைப் போலீஸார் தடியால் அடித்தனர். அவர்மீது சாயத் தண்ணீரைப் பீய்ச்சியடித்தனர். இச்செய்தி லண்டன் காமன்ஸ் சபை வரையில் எட்டியது. நூல் ஆலை முதலாளியின் மகன், கைராட்டை நூலாடை அணிந்து, தம் இனத்தாரின் சர்க்காரிடமே அடிபட்டார்! இந்தியருக்கு மருந்து கொடுத்த கைகள் பல உண்டு. இந்தியருக்கு விழுந்த அடியில் பங்கு கொண்ட வெள்ளை உடல்கள் எத்தனை?

மிஷன் வைத்தியத்தைச் சந்தேகக் கண்கொண்டு நோக்கும் தேசபக்தர்கள் உண்டு. மருந்துக் குப்பியின் பின்னால் மதமாற்றம் மறைந்திருக்குமோ என்பது அவர்களுடைய ஐயம். அதை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஐயத்தைத் தீர்க்க ஓர் உரைகல் உண்டு. கொடுப்பவன் எதை இழந்தான் என்று பார்க்க வேண்டும். பேட்டன் தம் மதத்தை ஒளித்தவரல்லர். தம் உயர்வையோ அவர் துறந்தார். உயர்வைத் துறந்தவனுடைய தொண்டில் தூண்டிலைத் தேடுவது நியாயமாகாது.

1911 வரையில் திருப்பத்தூரும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் ஒரே சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. இன்று ஓசூர் பெருந்தொழில் நகரம். 1970-களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல் மோட்டார் வண்டியும் கைக்கடிகாரமும் இயந்திர உறுப்புகளும் செய்யும் ஆலைகள் பெருகிவிட்டன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அந்த எல்லைப்புறத்தில் பீகார், ஒரிஸ்ஸா, அஸ்ஸாம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களின் பேச்சும் கேட்கிறது. நெருக்கடியான அறைகளில் தங்கி, ஒப்பந்தக்காரரின் தயவை நம்பிப் பிழைக்கும் இவர்களுக்குப் பண்டிகை நாளில் போர்வையும் பலகாரமும் வழங்குவோர் உண்டு. அது நன்றே. ஆனால் மறுநாள் அவர்களுள் ஒருவன் ஆலையில் கைவிரலை இழந்தால், உடன் சென்று வைத்தியசாலையில் காத்திருப்பவர் யார்? அவனுக்குரிய நஷ்ட ஈட்டைக் கேட்டு வாங்கித் தருபவர் யார்? அவன் பெயரையேனும் அறிந்தவர் எத்தனை பேர்?

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற அயலான் கதையைக் கிறிஸ்தவர்கள் ஆலயங்களில் கேட்டிருப்பார்கள். ஓசூர்ச் சாலைகளில் அக்கதைக்கு வேண்டிய பாத்திரங்களெல்லாம் இருக்கின்றன. தூக்கிச் செல்பவனுடைய இடம் மட்டுமே பெரும்பாலும் காலியாயிருக்கிறது. அந்த இடத்துக்குக் கிறிஸ்தவர் மட்டுமன்றித் தேசத்தொண்டர் அனைவருமே உரியவர். சுயராஜ்யம் என்பது கொடியேற்றத்தோடு முடிந்துவிட்டதா என்று நாம் கேட்கிறோம்.

ஜேசுதாசன் 1969-லும் பேட்டன் 1970-லும் காலமானார்கள். அண்ணன் சென்ற மறு ஆண்டே தம்பியும் சென்றார். பொருள் கொடுப்போர் நம் நாட்டில் என்றும் குறைந்ததில்லை. அன்னியன் ஒருவனை அண்ணனென்று ஏற்று, அவன் அருகில் ஒரே வரிசையில் அமரும் துணிவுதான் இன்று நமக்குத் தேவை.