கொம்புக்கு உயிர் தந்த கலைஞர்

நகையின் மதிப்பு எதில் இருக்கிறது? தராசில் என்போம், சவரன் கணக்குப் பார்ப்போம். பொருளின் விலையில் அன்று, அதன் இயல்பில் இருக்கிறது என்று செய்து காட்டியவர் பிரெஞ்சுக் கலைஞர் ரெனே லலீக்.

1860ஆம் ஆண்டு ஆய் என்னும் சிற்றூரில் பிறந்த இவர், பதினாறாம் வயதில் தந்தையை இழந்தார். பாரிசில் லூயி ஓகோக் என்னும் நகை வணிகரிடம் தொழில் பயின்றார். இலண்டனிலும் சில காலம் கற்றார். கார்த்தியே போன்ற பெரிய நிறுவனங்களுக்கு நகை வரைந்து கொடுத்தார். 1885இல் சொந்தப் பட்டறை அமைந்தது.

வைரம் பதித்துக்கொண்டே வளமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் கையில் எடுத்ததோ மாட்டுக் கொம்பு! சூடேற்றினால் இளகும், வளைக்கலாம். மெலிதாகச் செதுக்கினால் தேன்நிறத்தில் ஒளி ஊடுருவும். அதில் மலரும் இலையுமாகச் சீப்புகள் செய்தார். பின்தகடு இல்லாத எனாமல், சாளரக் கண்ணாடிபோல் ஒளியை வடித்துத் தரும். அதுவே தும்பியின் சிறகாயிற்று. தும்பியின் வாயிலிருந்து ஒரு பெண் எழும் அவரது மார்பணியில் வைரமும் உண்டு. ஆனால் அங்கே அது அரசியன்று, தோழியே.

1900இல் நடந்த பாரிஸ் உலகக் கண்காட்சி அவரைப் புகழின் உச்சியில் ஏற்றியது. உடனே போலிகள் பெருகின. கலைஞர் மனம் தளரவில்லை, கண்ணாடியை நாடினார். கோத்தி நிறுவனத்தின் வாசனைத் திரவியங்களுக்குப் புட்டிகள் படைத்தார். செல்வர்க்கு மட்டுமே எட்டிய கலை, அச்சில் வார்த்த கண்ணாடியால் பலர் இல்லங்களுக்கும் சென்றது. 1921இல் அல்சாஸ் பகுதியின் விங்கன் ஊரில் ஆலை தொடங்கினார்.

இறுதிக்காலம் துயரமானது. இரண்டாம் உலகப் போரில் ஆலை செருமானியர் கைப்பட்டது. அது மீண்டும் இயங்குவதைக் காணாமலே 1945 மே மாதம் கண்மூடினார். பின்னர் மகன் மார்க் அதை மீண்டும் எழுப்பினார்.

அந்தத் தும்பிப் பெண்ணை இன்றும் லிஸ்பன் நகரின் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் காணலாம். மாணவ நண்பர்களே, நம் கையில் இருப்பது பொன்னா கொம்பா என்பதன்று கேள்வி. அதன் இயல்பை அறியும் பொறுமை நமக்கு உண்டா என்பதே.